வியாதி இல்லாதவர்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
18 ஜூன் 2023

அன்புள்ள தங்கை செல்விக்கு,

மரியே வாழ்க. நான் நலம். நீயும் மதரும் மற்ற சகோதரிகளும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். ஏற்காட்டில் சாரல் ஆரம்பித்திருக்கும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இரண்டு செய்திகள். உன் அண்ணி ரோசாலி போன வாரம் பிரான்சுக்குப் புறப்பட்டுப் போனாள். அங்கே இருக்கும் மகன் மரிய அருணின் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். ரோசாலியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர் என்பதால் அவளுக்கு விசா அலைச்சல் கிடையாது. பிள்ளையை ஓரளவு தேற்றிவிட்டு அக்டோபரில் வந்துவிடுவாள். அதுவரை சமையல் என் பொறுப்பு. சோறு குழைகிறது, ரசம் பரவாயில்லை.

இரண்டாவது, பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது. வைகறை நலச் சங்கம் என்று முதலியார்பேட்டையில் ஒரு சிறிய அமைப்பு. மில் மூடிய பிறகு அந்தத் தெருக்களில் சர்க்கரை நோய் அதிகம் என்று சொல்லி, சங்கம் அரசிடம் ஒரு வருடத்துக்கு நிதி வாங்கியிருக்கிறது. நோயாளிகளைக் கண்டுபிடித்து, வாரா வாரம் சோதித்து, சாப்பாட்டு முறையும் நடையும் பழக்க வேண்டும். அதை நடத்துவதும் கணக்குக் காட்டுவதும் நான். சுடர்விழி என்ற நர்ஸ் பெண் உதவிக்கு இருக்கிறாள். நிதி இரண்டு தவணை. முதல் தவணையில் பலன் தெரிந்தால்தான் இரண்டாவது வரும்.

நம் அம்மாவுக்கு இருந்தது நமக்கும் வரலாம். நீ ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள்.

உன் மடத்தில் போன் பேச முடியாது என்பதை முன்பெல்லாம் குறையாக நினைத்தேன். இப்போது சாயங்காலத்தில் எழுத ஒரு ஆள் இருக்கிறது என்று தோன்றுகிறது.

உன் அண்ணன்,
சகாயநாதன்

-

ஏற்காடு
9 ஜூலை 2023

அன்புள்ள அண்ணா,

சமாதானத்தின் ஆண்டவர் உங்களோடு இருப்பாராக. உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. இங்கே அனைவரும் சுகம். முழங்கால் பற்றிக் கேட்டீர்கள். அது என்னோடு சேர்ந்து வயதாகிறது, அவ்வளவுதான்.

பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்க ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொள்கிறோம். வழக்கமாக உங்கள் கடிதத்தின் அடியில் அண்ணி இரண்டு வரி எழுதுவார். இந்த முறை அந்த இடம் காலியாக இருந்தது. அக்டோபரில் நிரம்பிவிடும்.

ரத்தம் பார்த்தாயிற்று. சர்க்கரை இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டீர்களா? அதை எழுதவில்லையே.

நாங்கள் மதிலுக்கு வெளியே போவதில்லை என்பதால், வெளியே உள்ளவர்களைப் பற்றி யாராவது விவரமாகச் சொன்னால்தான் அவர்களுக்காக ஜெபிக்க முடிகிறது. உங்களிடம் வருகிறவர்களைப் பற்றி எழுதுங்கள். எண்ணிக்கை வேண்டாம், ஆட்களைப் பற்றி எழுதுங்கள்.

ஜெபத்தில் உங்களை மறவாத,
செல்வி

-

நெல்லித்தோப்பு
3 செப்டம்பர் 2023

அன்புள்ள செல்விக்கு,

கடவுள் கிருபையால் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ரோசாலி போனில் படம் அனுப்பினாள். மூக்கு அருணுடையது.

எனக்கும் ரத்தம் பார்த்தார்கள். எல்லையில் இருக்கிறது. இனிப்பை நிறுத்திவிட்டேன்.

ஆட்களைப் பற்றி எழுதச் சொன்னாய். முதல் முகாமுக்குக் கூட்டம் அலைமோதியது. இரண்டாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை. "நீ சாப்பிடாத சாப்பிடாதன்னுதான் சொல்லுவ, அதுக்கு நான் எதுக்கு நடந்து வரணும்" என்று ஒரு அம்மாள் கேட்டாள். வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கூப்பிடாமல் வருகிறவர் ஒருவர்தான், கண்ணையன். மில்லில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். எழுபது வயதிருக்கும். மனைவி ஆயம்மா இறந்து பல வருடம் ஆகிறது. மகன் ஓசூரில் இருக்கிறான். முகாமில் அவருக்கு எக்கச்சக்கமாகக் காட்டியது. சுடர்விழி பயந்தே போனாள். அவர் பயப்படவில்லை. "சரி, எப்பெப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை சோதனைக்கு நாங்கள் கதவைத் திறக்கும்போது, தோய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக வாசலில் நிற்கிறார். செவ்வாய்க்கிழமை சமையல் வகுப்பு பெண்களுக்கானது. அதற்கும் வந்து கீரை ஆய்கிறார். அன்று வரகுச் சோறும் சாம்பாரும் செய்து எல்லோருக்கும் ஒரு பிடி கொடுப்பார்கள். உண்மையைச் சொன்னால், வாரத்தில் நான் ஒழுங்காகச் சாப்பிடுவதும் அன்றுதான்.

மதருக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்,
சகாயநாதன்

-

ஏற்காடு
8 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணா,

ஜெபமாலை மாதத்தின் வாழ்த்துகள். பேரனுக்கு என் ஆசீர். பெயர் எழுதாமல் மூக்கை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

கண்ணையனுக்காகத் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி சொல்கிறேன். எக்கச்சக்கமாக இருந்தது குறைந்ததா?

இந்த மாதம் அண்ணி வந்துவிடுவார் என்று எழுதியிருந்தீர்கள். வந்ததும் அவரை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். டிசம்பர் பிறந்ததும் திருவருகைக் காலம். அப்போது எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருகிறவை மதரிடம் இருந்து, கிறிஸ்துமஸ் அன்றுதான் கைக்கு வரும். அதனால் சீக்கிரம் எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
செல்வி

-

நெல்லித்தோப்பு
28 டிசம்பர் 2023

அன்புள்ள செல்விக்கு,

பிறந்திருக்கும் பாலன் உனக்கும் மடத்துக்கும் எல்லா நன்மையும் தருவாராக. நான் சுகம். அக்டோபரில் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அரையாண்டு அறிக்கை வேலை கழுத்தை நெரித்தது.

கண்ணையன் விஷயம் கேள். குறைந்ததா என்று கேட்டிருந்தாய். குறைந்தது, மிக நன்றாகவே குறைந்தது. நானும் பெருமைப்பட்டேன். சுடர்விழிக்குச் சந்தேகம் வந்து, மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"சார், இவருக்கு சுகரே இல்ல. எப்பவும் இருந்ததில்ல."

"அன்னைக்கு அவ்வளவு காட்டுச்சே?"

"கேட்டுட்டேன். முகாமுக்கு வர்ற வழியில கோயில்ல கேசரி வாங்கித் தின்னுருக்காரு. கையத் தொடச்சாரு, கழுவல. வெரல்ல இருந்த சக்கரையத்தான் மிஷின் காட்டியிருக்கு. கழுவச் சொல்லாதது என் தப்பு. பேர எடுத்துடலாமா சார்? ஸ்ட்ரிப் வீணாப் போவுது."

அப்போது கண்ணையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, காலில் புண் வந்த ஒருவருக்குச் செருப்பு போடாமல் நடக்கக்கூடாது என்று நாங்கள் சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் இருக்கட்டும் என்று சொன்னேன். அறிக்கையில் அவரை 'கட்டுப்பாட்டுக்கு வந்தவர்' என்று சேர்த்திருக்கிறேன். நீ அதைப் பாவம் என்பாய். தெரியவில்லை.

உன் அண்ணி வந்துவிட்டாள். நலம். பயண அலுப்பு, அதனால் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்தாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சகாயநாதன்

-

ஏற்காடு
14 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு ஆசீர். இங்கே கடும் குளிர். மற்றபடி சுகம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கண்ணையன் பெயரை எடுக்காதது பாவமா என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ஏன் வருகிறார் என்று நீங்கள் அவரிடம் கேட்டீர்களா?

உங்களுக்காக வழக்கத்தைவிட அதிகமாக ஜெபிக்கிறேன். எதற்கு என்று கேட்க வேண்டாம்.

செல்வி

-

நெல்லித்தோப்பு
4 பிப்ரவரி 2024

அன்புள்ள செல்விக்கு,

தோத்திரம். நீ சுகமா? உன் கடிதம் மிகச் சிறியதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. இரண்டாவது தவணைக்கு முன் ஆய்வு செய்ய ஒரு பெண் அதிகாரி வந்தார். கண்டிப்பானவர், ஆனால் மரியாதையாகப் பேசினார். வியாழக்கிழமை என்பதால் கூடம் நிறைந்திருந்தது. பலன் பெற்ற ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார். நான் வாய் திறப்பதற்குள் கண்ணையன் எழுந்து நின்றுவிட்டார். தன்னைவிட நல்ல பலன் யாருக்கு என்று நினைத்திருப்பார்.

அதிகாரி அவருடைய பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இவருக்கு வியாதியே இல்லையே சார். இல்லாத வியாதி எப்படிக் கட்டுப்பாட்டுக்கு வந்துது?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். சுடர்விழி குனிந்துகொண்டாள். அதிகாரி கண்ணையனிடம் திரும்பி, நல்ல மனதோடுதான் சொன்னார்: "பெரியவரே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கீங்க. இனிமே இங்க வர வேண்டிய அவசியமே இல்ல. சந்தோசமா வீட்டுக்குப் போங்க."

கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், செல்வி. வியாதி இல்லை என்றதற்குக் கை தட்டினார்கள். அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்து வாசல் வரையாவது போயிருக்கலாம். அறிக்கையைத் திருத்திக் கொடுக்கிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. தவணையும் நிற்கிறது.

அண்ணி சுகம்.

உன் அண்ணன்,
சகாயநாதன்

-

ஏற்காடு
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணா,

ஆண்டவரின் அமைதி உங்களுக்கு. எனக்கு உடம்பு ஒன்றுமில்லை.

வருகிற புதன் சாம்பல் புதன். ஈஸ்டர் வரை நான் எழுத மாட்டேன், கடிதம் படிக்கவும் மாட்டேன். அதனால் அவசரமாக இதை எழுதி இன்றே தபாலுக்குக் கொடுக்கிறேன்.

கண்ணையன் வீட்டுக்குப் போங்கள். திட்டத்தின் ஆளாகப் போகாதீர்கள். கையில் மிஷினோ தாளோ இருக்க வேண்டாம்.

நீங்கள் எனக்கு எழுதுவதை நிறுத்த வேண்டாம். உடனே யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தால் சில விஷயங்களை எழுதுவது எளிதாக இருக்கலாம். எங்கள் மதர் நல்லவர். மடித்த கடிதத்தைப் பிரிக்க மாட்டார்.

செல்வி

-

நெல்லித்தோப்பு
10 மார்ச் 2024

செல்வி,

நீ இதைப் படிக்கும்போது ஈஸ்டர் ஆகியிருக்கும். உயிர்த்த ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து கண்ணையன் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அதே தோய்த்த சட்டை, படிய வாரிய தலை. எங்கும் புறப்படவில்லை, ஆனாலும் அப்படித்தான் இருந்தார்.

"வாங்க சார். எனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, இன்னா இவ்ளோ தூரம்?"

"சும்மா பாக்கத்தான் வந்தேன். ஏன் வர்றதே இல்ல?"

"இன்னான்னு சொல்லிட்டு வர்றது சார்? வியாதி இருந்தப்ப நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேப்பீங்க. இன்னா சாப்புட்டேன்னு கேப்பீங்க. தூக்கம் வருதான்னு அந்தப் பொண்ணு கேக்கும். என் பையன் கூட அதெல்லாம் கேட்டதில்ல. இப்ப வந்து உக்காந்தா, உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, எந்திரின்னுவாங்க."

தனக்கு நோய் இல்லை என்பது அக்டோபரிலேயே தெரியும் என்றார். சுடர்விழி கேசரி பற்றிக் கேட்டபோதே புரிந்துவிட்டதாம். நான் பெயரை எடுக்காததும் தெரியுமாம். "நீங்க எடுக்கல. சரி, சாருக்கும் ஆள் வேணும்போலன்னு நெனச்சிகினேன்" என்றார்.

டீ போட்டார். சர்க்கரை போடாத டீ, எனக்கும் அவருக்கும். குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"வீட்ல அம்மா எப்ப சார் வராங்க?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். மளிகைக் கடையில் கேட்கிறார்கள், கோயிலில் கேட்கிறார்கள். அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அங்கே அது வரவில்லை.

"வரமாட்டாங்க கண்ணையன்" என்றேன்.

ஆமாம் செல்வி. அவள் வரவில்லை. உனக்கு டிசம்பரில் எழுதியது பொய். கேக்கும் பொய்.

நவம்பர் கடைசியில் போன் செய்தாள். சண்டை எதுவும் இல்லை. "நான் இங்கயே இருந்துடறேங்க. வேணும்னா நீங்க வாங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அங்க உங்ககூட இருந்தப்பவும் நான் தனியாத்தாங்க இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அதைக் கண்ணையனிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "வாங்க, காத்தாட நடந்துட்டு வரலாம்" என்றார். கடற்கரை வரை நடந்தோம்.

நீ சுகமாக இரு.

சகாயநாதன்

-

ஏற்காடு
2 ஏப்ரல் 2024

என் அன்பு அண்ணா,

அல்லேலூயா. பாஸ்கா மகிழ்ச்சி உங்களுக்கும் உரித்தாகட்டும்.

ஞாயிறு திருப்பலி முடிந்து மதர் உங்கள் கடிதத்தைத் தந்தார். மூன்று முறை படித்தேன். இனி நான் சொல்ல வேண்டியது.

கிறிஸ்துமஸ் அன்று என் கைக்கு வந்த கடிதங்களில் ஒன்று அண்ணி எழுதியது. தான் திரும்பப் போவதில்லை என்றும், உங்களுக்கு அடிக்கடி எழுதும்படியும் கேட்டிருந்தார். 'அவர் கெட்டவர் இல்லை, செல்வி. பேசத் தெரியாது, அவ்வளவுதான். எனக்கும் காத்திருந்து அலுத்துவிட்டது' என்று இருந்தது. அடுத்த வாரம் நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. அண்ணி வந்துவிட்டாள், கேக் செய்தாள் என்று.

ஜனவரியில் அந்தச் சின்னக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தெரியும் என்று எழுதினால் நீங்கள் அதன் பிறகு எனக்கு எழுதவே மாட்டீர்கள் என்று பயந்தேன். அதனால் அண்ணிக்கு அன்பைச் சொல்லுங்கள் என்று நானும் உங்கள் பொய்யில் சேர்ந்துகொண்டேன்.

அண்ணிக்கு எழுதுங்கள். என்னிடம் எழுதியதைப் போல எழுதுங்கள். அவர் வருவதற்காக அல்ல. இவ்வளவையும் உங்களால் சொல்ல முடியும் என்று அவருக்குத் தெரியட்டும்.

அன்புடன்,
செல்வி

-

நெல்லித்தோப்பு
28 ஏப்ரல் 2024

அன்புள்ள செல்விக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உனக்கு முன்பே தெரியும் என்று படித்ததும் வெட்கமாக இருந்தது. பிறகு தூக்கம் நன்றாக வந்தது.

தேர்தல் வந்ததால் இரண்டாவது தவணை இனி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. திருத்திய அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். இருக்கிற ஸ்ட்ரிப் தீரும் வரை வியாழக்கிழமை உண்டு. சுடர்விழிக்குக் கோரிமேட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது அழுதாள். கூடத்துக்கு ஜூன் வரைதான் வாடகை கட்டியிருக்கிறது. திட்டம் நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன். நோயுள்ள சிலரையாவது அரசு மருத்துவமனையில் பதிய வைத்துவிட வேண்டும் என்று நானும் கண்ணையனும் பஸ்ஸில் அழைத்துப் போகிறோம்.

ரோசாலிக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

கண்ணையனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். இருபத்தைந்து வருடமாக வெளியே வராத தங்கை என்றதும், "வராதவங்கள நாமதான் சார் போய்ப் பாக்கணும்" என்றார். மே இரண்டாவது சனிக்கிழமை இருவரும் வரலாமா? மதரிடம் கேட்டு வைக்கவும்.

உன் அண்ணன்,
சகாயநாதன்

-

ஏற்காடு
13 மே 2024

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? மலை இறங்கும்போது கண்ணையனுக்குத் தலை சுற்றியிருக்குமே.

நீங்கள் மெலிந்திருக்கிறீர்கள். பார்வையாளர் அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. அரை மணி நேரத்தில் நீங்கள் பேசியது கொஞ்சம்தான். ஆனாலும் பேசினீர்கள்.

கண்ணையன் என்னிடம் கேட்டதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நினைவிருக்கிறதா? கம்பி வழியே குனிந்து பார்த்து, "உள்ள உங்களுக்குப் பேச்சுத் தொணைக்கு யாரும்மா?" என்றார்.

"ஆண்டவர் இருக்காருங்க" என்றேன்.

"அவரு எனக்கும்தான் இருக்காரு தாயி. நான் மனுசாளக் கேட்டேன்."

நீங்கள் அவர் கையைப் பிடித்து அடக்கினீர்கள். நான் சிரித்துக்கொண்டு, உள்ளே பதினான்கு சகோதரிகள் இருக்கிறோம், எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அது ஞானோபதேசப் புத்தகத்தில் இருக்கிற பதில், அண்ணா. பொய் இல்லை. ஆனால் அவர் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. நீங்கள் போன பிறகு துணி மடிக்கும் அறையில் வெகுநேரம் வேலை ஓடவில்லை. உள்ளே நாங்கள் பேசுவது பகலில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியிலும், நீ எப்படி இருக்கிறாய் என்று என்னை யாரும் கேட்காமல் போகிற நாட்கள் இருக்கின்றன. யாரையும் குறை சொல்லவில்லை. நானும் கேட்பதில்லை. நான் விரும்பி வந்த வாழ்க்கை இது. மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் இதைத்தான் எடுப்பேன். ஆனாலும் அப்படிப்பட்ட நாட்கள் இருக்கின்றன என்று கண்ணையனிடம் சொல்லுங்கள். அவருக்கு மட்டும்.

மதரிடம் பேசினேன். தவக்காலமும் திருவருகைக் காலமும் போக, மாதம் ஒரு முறை பார்வையாளர் வரலாம். இந்த விதி நான் வந்த நாளிலிருந்தே உண்டு. வீண் செலவு, வர வேண்டாம் என்று உங்களையும் அண்ணியையும் தடுத்தது நான்தான்.

அடுத்த மாதமும் வாருங்கள் அண்ணா. அவரையும் அழைத்து வாருங்கள்.

உங்கள் தங்கை,
செல்வி